போன் ஓகே, கடையும் பரவால்ல, ஆனா அந்த "ப்ரீ செட்டப்" மட்டும் வேணாம்னு சொல்லிருங்க

போன தீபாவளி ஆஃபர்ல அம்மாவுக்கு மதுரை டவுன்ஹால் ரோட்ல ஒரு கடைல சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி வாங்குனோம். கடை பேரு போடல, ஏன்னா நான் திட்டப்போறது அந்த ஒரு கடைய மட்டும் இல்ல, அந்த தெருவுல பாதிக்கடை இதேதான் பண்ணுது, உங்க ஊர்லயும் பண்ணும். ரெண்டு மாசம் யூஸ் பண்ணியாச்சு, அதனால இப்ப எழுதுறேன். வாங்குன அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போட சொல்லி கவுண்டர்லயே க்யூஆர் நீட்டுனாங்க, அப்புறம் போடுறேன் தம்பின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

முதல்ல பழைய கதைய சொல்லிடறேன், அப்பதான் நான் ஏன் இவ்ளோ கறாரா இருந்தேன்னு புரியும். மூணு வருஷத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு ஒரு போன் வாங்குனப்ப, வேற கடை, "எல்லாம் நாங்களே போட்டு தர்றோம்க்கா, ப்ரீ"ன்னாங்க. நானும் பஸ்ஸுக்கு லேட்டாகுதேன்னு சரின்னுட்டேன். அந்தப் பையன் பத்தே நிமிஷத்துல ஒரு புது ஜிமெயில் உருவாக்கி, அவனுக்கு தோணுன பாஸ்வேர்ட போட்டு, வாட்ஸப் எல்லாம் ஏத்தி கைல குடுத்துட்டான். எங்க யாருக்கும் அந்த மெயில் ஐடியே தெரியாது, கேக்கணும்னும் தோணல. ரெண்டு வருஷம் நல்லாதான் ஓடுச்சு. அப்புறம் அண்ணன் மகன் விளையாட்டா லாக் பேட்டர்ன மாத்தி வச்சுட்டு அவனே மறந்துட்டான். சர்வீஸ் கடைல ரீசெட் போட்டாங்க, போட்டதும் ஸ்க்ரீன்ல "இந்த போன்ல ஏற்கனவே இருந்த கூகுள் அக்கவுன்ட்ட போடு"ன்னு வந்து நின்னுடுச்சு. இது போன திருடிட்டு போறவன் ரீசெட் பண்ணி வித்துடக் கூடாதுன்னு 2015ல ஆண்ட்ராய்ட் 5.1 வந்தப்பவே வச்ச பூட்டு. நல்ல பூட்டுதான், ஆனா எங்க வீட்டு பூட்டோட சாவி யாரோ ஒரு கடைப்பையன் தலைக்குள்ள இருந்துச்சு, அந்தப் பையனும் வேலைய விட்டு திருப்பூர் போயிட்டானாம். வாட்ஸப் பேக்கப்பும் அதே ஜிமெயிலுக்குதான் போயிருக்கு. அதுக்குள்ளதான் அப்பா கடைசியா அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இருந்துச்சு. அதப்பத்தி அம்மா ஒண்ணும் சொல்லல, அதுதான் எனக்கு கஷ்டமா இருந்துச்சு.

சரி, இந்தத் தடவை.

அம்மா திருமங்கலத்துல பஸ் ஸ்டாண்ட் பக்கம் பூ கட்டி விக்கிறாங்க. காலைல மாட்டுத்தாவணி மார்க்கெட்ல இருந்து மல்லி வந்துடும், சாயங்காலம் வரைக்கும் வியாபாரம். முக்காவாசி பேர் இப்ப க்யூஆர் ஸ்கேன் பண்ணிதான் காசு போடுறாங்க, அதனால போன்ங்கறது அம்மாவுக்கு வாட்ஸப் பாக்குற சாமான் இல்ல, கல்லாப்பெட்டி. எனக்கு தேவைப்பட்டது மூணே விஷயம், பெரிய ஸ்க்ரீன், நாள் பூரா தாங்குற பேட்டரி, அப்புறம் நாலஞ்சு வருஷத்துக்கு செக்யூரிட்டி அப்டேட். இந்த கடைசி விஷயத்த கடைல யாருமே சொல்ல மாட்டாங்க, கேமரா எத்தனை மெகாபிக்சல்னு மட்டும் பாட்டா பாடுவாங்க. ஏ16க்கு ஆறு வருஷம் அப்டேட் உண்டுன்னு கம்பெனியே சொல்லிருக்கு, 2024 அக்டோபர்ல 18,999க்கு வந்த மாடல், 2030 வரைக்கும் ஓடும். ஏ17 வந்துட்டதால இதோட ரேட்டும் இறங்கிருந்துச்சு, எங்களுக்கு பில் 16,499 ஆச்சு. 6.7 இன்ச் அமோலெட் ஸ்க்ரீன், வெயில்ல உக்காந்து பாத்தாலும் தெரியுது. 5000 எம்ஏஹெச் பேட்டரி, அம்மா யூஸ் பண்ற அளவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ் போட்டா போதும். தண்ணி தெறிச்சா தாங்குற ஐபி54ம் இருக்கு, பூவுக்கு தண்ணி தெளிக்கிறவங்களுக்கு இது வேணும்ல. கேம் ஆடுறவங்களுக்கு இந்த போன் இல்ல, அவங்க இந்த ரிவ்யூவ இங்கயே நிறுத்திக்கலாம்.

கடையப் பத்தி நல்லத முதல்ல சொல்லணும்னா, ஆளுங்க மரியாதையா பேசுனாங்க, அம்மாவுக்கு சேர் போட்டு டீ குடுத்தாங்க, "எந்த போன் வேணும்"னு என்னைக் கேக்காம அம்மாவையே கேட்டாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சுது. காசு குடுக்குறதுக்கு முன்னாடி பாக்ஸ் மேல இருக்க ஐஎம்இஐ நம்பர, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்க அடையாள நம்பர, செக் பண்ணிக்கிறேன்னேன், மூஞ்சி சுளிக்கல. அது ஈஸிதான், கேஒய்எம்னு இங்கிலீஷ்ல டைப் பண்ணி ஒரு ஸ்பேஸ் விட்டு அந்த 15 நம்பரையும் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புனா, அது என்ன மாடல், பிளாக் லிஸ்ட்ல இருக்கான்னு பதில் வரும். அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி சைட்லயும் ஆப்லயும் கூட பாக்கலாம். சீல் பிரிச்சதும் *#06# அடிச்சு பாக்ஸ்ல இருக்கதும் போன்ல காட்டுறதும் பில்லுல எழுதிருக்கதும் ஒண்ணான்னு பாத்துக்கிட்டேன். அந்த பில்ல ஒரு போட்டோ எடுத்து என் மெயிலுக்கு அனுப்பி வச்சிருக்கேன், ஏன்னா போன் தொலைஞ்சா அதே சஞ்சார் சாத்தில ஐஎம்இஐய பிளாக் பண்றதுக்கு போலீஸ் கம்ப்ளைன்ட் காப்பியும் பில்லும் கேப்பாங்க. "எஸ்டிமேட் போட்டு தரவா, கொஞ்சம் கொறையும்"னாங்க, வேணாம், ஜிஎஸ்டி பில்லே குடுங்கன்னு வாங்கிட்டேன்.

இப்ப திட்டுற பகுதி. பில் போட்ட கையோட தம்பி பாக்ஸ தன் பக்கம் இழுத்துட்டான். "செட்டப் பண்ணி தர்றேன்க்கா, ப்ரீதான். பழைய போன்ல இருந்து டேட்டா மாத்தணும்னா மட்டும் 499." வேணாம் தம்பி, வீட்ல பாத்துக்கிறோம்னேன். அவனுக்கு புரியவே இல்ல. "ஆக்டிவேட் பண்ணலன்னா வாரன்டி வராதுக்கா"ன்னான். பில் தேதிதானே தம்பி வாரன்டின்னேன். "ஆஃபர் வேல்யூ கெடைக்காது"ன்னான், எந்த ஆஃபர்னு கேட்டா சூப்பர்வைசர பாத்தான். உண்மை என்னன்னா அந்த செட்டப்போட சேத்து நாலஞ்சு ஆப் ஏத்துறாங்க, ஒரு லோன் ஆப், ஒரு ரம்மி மாதிரி எதோ, அப்புறம் கடையோட சொந்த ஆப். பக்கத்து கவுண்டர்ல ஒரு பெரியவர் போன்ல கண்ணு முன்னாடியே ஏத்துனாங்க, அவரு ஓடிபிய சத்தமா படிச்சு சொல்லிட்டு இருந்தாரு, கடை பூரா கேட்டுச்சு. பாக்கவே பதறுச்சு. அந்தப் பசங்கள கெட்டவங்கன்னு சொல்லல, டார்கெட் குடுத்துருப்பாங்க, பாவம். ஆனா முதல் நாளே நம்ம ஓடிபிய யாரோ கேட்டு நாம சொல்லி பழகிட்டா, நாளைக்கு போன்ல ஒருத்தன் கேக்கும்போதும் வாய் தானா சொல்லிடும்.

எக்ஸ்டன்டட் வாரன்டி வேணாம்னுட்டேன். டெம்பர் கிளாஸ் 250, ஆறு மாசத்துக்குள்ள உடைஞ்சா ஒரு தடவை ப்ரீயா மாத்தி தர்றோம்னு பில்லு பின்னாடி எழுதி குடுத்தாங்க. இந்த மாடலுக்கு பாக்ஸ்ல கேபிள் மட்டும்தான், சார்ஜர் தனியா வாங்கணும், அது முன்னாடியே தெரியும். கடைல 350க்கு பேரே இல்லாத ஒரு சார்ஜர நீட்டுனாங்க, மேல அரசாங்க தரச்சான்று பிஐஎஸ் மார்க்கும் இல்ல, அதோட வர்ற ஆர்-னு ஆரம்பிக்கிற நம்பரும் இல்ல. அம்மா ராத்திரி தலமாட்டுல வச்சு சார்ஜ் போடுற ஆளு, 700 ரூவாய மிச்சம் புடிக்க வேண்டிய இடம் அது இல்ல. கம்பெனி 25 வாட்டே வாங்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூ வேலை இல்லாத நேரமா பாத்து உக்காந்தோம். போன நான் தொடல, அம்மா கைலதான் இருந்துச்சு, நான் பக்கத்துல உக்காந்து சொன்னேன். ரெண்டரை மணி நேரம் ஆச்சு, நடுவுல ஒரு சண்டையும் ஆச்சு. மொழி தமிழ்னு வச்சதும் "அமைப்புகள்", "அறிவிப்புகள்"னு எல்லாம் வருது, அம்மா "என்னடி இது, பள்ளிக்கூட புஸ்தகம் மாதிரி இருக்கு, செட்டிங்ஸ் எங்க"ன்னாங்க. நெஜமாவே இது ஒரு பிரச்னை, ஊருக்குள்ள எல்லாரும் செட்டிங்ஸ்னுதான் சொல்றாங்க, போனுக்குள்ள மட்டும் அமைப்புகள். இப்ப நான் தூரத்துல இருந்து போன்ல சொல்லும்போது "பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கும்ல அத அமுக்கு"ன்னு படத்தை வச்சுதான் சொல்றேன்.

ஜிமெயில் புதுசா அம்மா பேர்லயே போட்டோம், பாஸ்வேர்ட அம்மாவே யோசிச்சாங்க. ரெகவரி நம்பருக்கு என் நம்பர், ரெகவரி மெயிலுக்கு என் மெயில். பாஸ்வேர்ட எங்கயும் எழுதக்கூடாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, நான் அம்மாவை பால் கணக்கு நோட்டோட கடைசி பக்கத்துல எழுத வச்சேன். அம்மா காச எடுக்க வர்றவன் வீட்டுக்குள்ள வந்து பால் கணக்கு நோட்ட பிரிக்கப் போறதில்ல, அவன் போன்லதான் வருவான். மறந்துட்டு முழிக்கிறதுக்கு நோட்டு மேல். யுபிஐ பின்ன மட்டும் எழுத விடல, அது மனசுலதான்.

நடுவுல "எல்லாத்தையும் ஏற்கிறேன்"னு ஒரே டிக்ல கேக்குற பக்கம் வரும் பாருங்க, அதுல கொஞ்சம் நின்னு படிங்க. கட்டாயம் டிக் பண்ண வேண்டியது ரெண்டு மூணுதான், விளம்பரத்துக்கு டேட்டா குடுக்குறதெல்லாம் நம்ம இஷ்டம்னுதான் இருக்கும். இந்த ரேட்டுல வர்ற பல ஆண்ட்ராய்ட் போன்கள்ல "இந்த ஆப்பெல்லாம் உங்களுக்கு பிடிக்கும்"னு ஒரு லிஸ்ட் ஏற்கனவே டிக் போட்டு வரும், அதையும் எடுத்துருங்க. முடிஞ்சதும் முதல் வேலையா சாப்ட்வேர் அப்டேட், ரெண்டு ஜிபிக்கு மேல இருந்துச்சு, என் ஹாட்ஸ்பாட்ல போட்டேன். ஈஸி மோட்னு ஒண்ணு இருக்கு, எழுத்து ஐகான் எல்லாம் பெருசாயிடும், அம்மாவுக்கு அது போட்டதும் முகமே மாறிடுச்சு. கண்ணாடி போடாம படிக்க முடியுது.

லாக்குக்கு பேட்டர்ன் வேணாம்னு பழைய கதையால முடிவு பண்ணிட்டோம், ஆறு நம்பர் பின் வச்சோம். கைரேகை பவர் பட்டன்லயே இருக்கு, ஆனா அம்மாவுக்கு வலது கை பெருவிரல் ஆள்காட்டி விரல் ரெண்டும் நார் இழுத்து இழுத்து தேஞ்சு போயிருக்கு, ரேஷன் கடைலயும் இதே பஞ்சாயத்துதான், அது போனோட குத்தம் இல்ல. இடது கை நடுவிரல ரெண்டு தடவை தனித்தனியா பதிஞ்சு வச்சேன், இப்ப பத்துக்கு எட்டு தடவை தொறக்குது. சிம்முக்கும் ஒரு பின் போட்டேன், ஏன்னா போன திருடுனவன் சிம்ம கழட்டி வேற போன்ல போட்டா ஓடிபி எல்லாம் அவனுக்குதான் போகும். ஆனா இதுல கவனம், மூணு தடவை தப்பா போட்டா சிம் லாக் ஆயி, சிம் கம்பெனிகிட்ட வாங்க வேண்டிய பியுகேங்கற பூட்டு தொறக்குற நம்பர் கேக்கும், பழைய பின் தெரியாம சும்மா அடிச்சு பாக்காதீங்க.

இனிமே சொல்றதுதான் நான் ரொம்ப நேரம் செலவு பண்ணது. ப்ளே ஸ்டோர்ல இல்லாத ஆப்ப வெளில இருந்து ஏத்துறத தடுக்குற ஆட்டோ பிளாக்கர்னு ஒண்ணு சாம்சங் செக்யூரிட்டி செட்டிங்ஸ்ல இருக்கு, அது ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. வேற கம்பெனி போன்னா வாட்ஸப்புக்கும் குரோமுக்கும் "தெரியாத ஆப் இன்ஸ்டால்" அனுமதிய ஆஃப் பண்ணுங்க. ஏன்னா இப்ப கல்யாணப் பத்திரிகைன்னும், வண்டிக்கு ஃபைன்னும் வாட்ஸப்ல ஏபிகே ஃபைல், அதாவது தொட்டா ஆப்பா ஏறுற ஃபைல், வருது, தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்தே வரும், ஏன்னா அவங்க போன் ஏற்கனவே மாட்டிருக்கும். தொட்டு இன்ஸ்டால் ஆச்சுன்னா நம்ம எஸ்எம்எஸ்ஸ அவன் படிப்பான், ஓடிபி கேட்டு போன் பண்ணக்கூட தேவையில்ல. அம்மாகிட்ட நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு, பத்திரிகைன்னா போட்டோவா வரும், இல்ல தாம்பூலத்தட்டோட வீட்டுக்கு வரும், எதையும் "நிறுவு"ன்னு கேக்காது. அம்மா சிரிச்சாங்க, ஆனா புடிச்சுக்கிட்டாங்க.

வாட்ஸப்ல டூ ஸ்டெப் ஆறு நம்பர் பின் போட்டாச்சு, தெரியாத கால் சைலன்ட் ஆகுற ஆப்ஷனும் போட்டாச்சு. போன்ல ஒருத்தன் ஸ்டார் நானூத்தியொண்ணு ஸ்டார்னு ஆரம்பிச்சு எதையாச்சும் அடிக்க சொன்னா அடிக்கவே கூடாது, அது நமக்கு வர்ற கால அவனுக்கு திருப்பி விடுற கோட். ஏற்கனவே அடிச்சுட்டோமோன்னு சந்தேகம் வந்தா ##002# அடிச்சா எல்லா ஃபார்வர்டும் போயிடும். இந்த நம்பரையும், ஆன்லைன்ல காசு ஏமாந்தா புகார் சொல்ற 1930ஐயும் தடியா எழுதி அம்மா காசு டப்பா மூடில ஒட்டி வச்சிருக்கேன். காசு போயிடுச்சுன்னா பேங்க் தொறக்குற வரைக்கும் உக்காந்து அழக்கூடாது, உடனே 1930க்கு அடிக்கணும், நேரம் ஆக ஆக அந்தக் காசு வேற வேற அக்கவுன்ட்டுக்கு தாவிட்டே இருக்கும்.

யுபிஐ புது போன்ல போட்டதும் முதல் 24 மணி நேரம் 5000க்கு மேல அனுப்ப முடியாது, அது திருட்டுக்கு வச்ச தடை, போன் கெட்டுப்போச்சுன்னு பயப்படாதீங்க. மார்க்கெட்ல மொத்தமா காசு குடுக்கணும்னா அதுக்கேத்த மாதிரி நாள் பாத்து மாத்துங்க, நாங்க இத யோசிக்காம திங்கக்கிழமை காலைல பூக்காரர்கிட்ட கடன் சொல்ல வேண்டியதா போச்சு. சில்லறை செலவுக்கு யுபிஐ லைட்ல காசு போட்டு வச்சிருக்கோம், அதிகபட்சம் 5000தான் அதுல நிக்கும், டீக்கடைல நாலு பேர் பாக்க பின் அடிக்க வேண்டியதில்ல. காசு வாங்குறதுக்கு பின் போடவே தேவையில்லங்கறத அம்மாவுக்கு சொல்லி சொல்லி என் வாயே வலிச்சுடுச்சு. ஆளுக்கு ஆள் "காசு கேட்டு" ரிக்வெஸ்ட் அனுப்புறத 2025 அக்டோபர் 1ல இருந்து நிறுத்திட்டாங்க, நல்ல வேலை, ஆனா ஏமாத்துறவன் வேற வழி கண்டுபிடிச்சுட்டான்.

எங்களுக்கே வந்துச்சு. கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் செம கூட்டத்துல அம்மாவுக்கு ஒரு போன், "அக்கா 200க்கு பூ வாங்குனேன், தெரியாம 2000 போட்டுட்டேன், 1800 திருப்பி போட்டு விடுங்க, ஆஸ்பத்திரில இருக்கேன்"னு. அதே நேரம் "2000 கிரெடிட்"னு ஒரு எஸ்எம்எஸ்ஸும் வந்துருச்சு. அம்மா பூவ கட்டிக்கிட்டே எனக்கு அடிச்சாங்க. எந்த நம்பர்ல இருந்து மெசேஜ் வந்துருக்குன்னு கேட்டேன், பத்து நம்பர் போன் நம்பர். பேங்க் மெசேஜ் அப்டி வராது, பேங்க் பேரோட சுருக்கமா எழுத்துல வரும், கடைசில ஒரு கோடு போட்டு டி, எஸ்னு ஒரு எழுத்து இருக்கும், விளம்பரம்னா பி, அரசாங்கம்னா ஜி. பேலன்ஸ் பாத்தா ஒண்ணும் ஏறல. அம்மா அவன்கிட்ட "கடைக்கு நேர்ல வாப்பா, காசா தர்றேன், பக்கத்துலதான் போலீஸ் ஸ்டேஷன்"னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. இத நான் சொல்லி குடுக்கல, அது அம்மா சரக்கு.

சரி ரிவ்யூக்கு வர்றேன். போனுக்கு நாலு ஸ்டார், ஒரு ஸ்டார் குறைச்சது போன் நல்லால்லன்னு இல்ல, அம்மா கைக்கு கொஞ்சம் பெருசு, இடுப்புல சொருகுற சுருக்குப் பைக்குள்ள நுழையல, புதுசா ஒரு பை தைக்க வேண்டியதா போச்சு. கடைக்கு மூணு. பில், விலை, மரியாதை மூணுக்கும் மூணு. செட்டப்புக்கு ஒண்ணும் கிடையாது. வாங்க போறவங்க தாராளமா போங்க, பேரம் பேசுங்க, டீ குடிங்க, சீல் பிரிச்சு பாத்துட்டு பாக்ஸ மூடி பையில போட்டுட்டு கிளம்புங்க. இஎம்ஐல வாங்குனா, தவணை கட்டலன்னா போன பூட்டுற லாக் ஆப்ப கடைலயே போடுவாங்க, அத தவிர்க்க வழியில்ல, ஆனா ஜிமெயில் நம்ம பேர்ல நம்ம பாஸ்வேர்டா இருக்கணும்னு அப்பவும் பிடிவாதமா இருங்க.

அப்டேட்: போன வாரம் டெம்பர் கிளாஸ் உடைஞ்சு அம்மா தனியாவே டவுன்ஹால் ரோட்டுக்கு போயிருக்காங்க. பில்லு பின்னாடி எழுதுன மாதிரியே காசு வாங்காம மாத்தி குடுத்துருக்காங்க, அதுக்காக இன்னொரு அரை ஸ்டார் சேத்துக்கலாம். பையன் போன வாங்கி "லாக்க எடுத்து விடுங்கம்மா"ன்னு கேட்டுருக்கான். "கண்ணாடிய வெளிலதான தம்பி ஒட்டப்போற, உள்ள உனக்கு என்ன வேலை"ன்னு அம்மா கேட்டாங்களாம்.

ஒட்டி குடுத்துட்டானாம்.